மிக்கேலே அல்போரெட்டோ

மிக்கேலே அல்போரெட்டோ (டிசம்பர் 23, 1956 – ஏப்ரல் 25, 2001) இத்தாலி நாட்டைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநர் ஆவார். ஒற்றை இருக்கைக் கார்களுக்கான உயர்நிலைப் போட்டியான பார்முலா 1 இல் 1981 முதல் 1994 வரை 194 கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓட்டி, அவற்றில் ஐந்தில் வென்றார். 1985 ஆம் ஆண்டு ஃபெராரி அணிக்காக ஓட்டியபோது உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் அலைன் புரோஸ்டுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார். அந்த ஆண்டு ஆகஸ்டில் இவர் பெற்ற வெற்றிக்குப் பின் ஃபெராரி காரில் வேறு எந்த இத்தாலியரும் பார்முலா 1 பந்தயம் எதையும் வென்றதில்லை.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான நெடுநேரப் பந்தயங்களிலும் இவர் புகழ் பெற்றவர். 1997 இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தையும், 2001 இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தையும் சக ஓட்டுநர்களுடன் சேர்ந்து வென்றார். செப்ரிங் வெற்றிக்குச் சில வாரங்களுக்குப் பின், ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங் தடத்தில் ஆடி ஆர்8 காரைச் சோதித்துக் கொண்டிருந்தபோது டயர் காற்றிழந்ததால் ஏற்பட்ட விபத்தில் உயிரிழந்தார்.

தொடக்க காலம்

அல்போரெட்டோ இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். புகழ் பெற்ற மோன்சா பந்தயத் தடம் இந்நகருக்கு அருகில் உள்ளது. 1976 ஆம் ஆண்டு, நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கிய காரைக் கொண்டு பார்முலா மோன்சா என்னும் தொடக்கநிலைப் போட்டியில் கலந்து கொண்டார். அந்தக் கார் வேகமானதாக அமையவில்லை. எனினும் பந்தய உலகிற்குள் நுழைய அது அவருக்கு உதவியது.

ஒற்றை இருக்கைக் கார் பந்தயங்கள் படிக்கட்டு போன்ற அமைப்பைக் கொண்டவை. ஓட்டுநர்கள் ஆற்றல் குறைந்த கார்களில் தொடங்கி, பார்முலா 3, பார்முலா 2 ஆகிய படிகளைக் கடந்து பார்முலா 1 ஐ அடைவது அக்கால வழக்கம். அல்போரெட்டோ 1978 இல் பார்முலா இத்தாலியா போட்டிகளிலும், பின்னர் பார்முலா 3 இலும் ஓட்டினார். 1979 ஆம் ஆண்டின் இத்தாலிய பார்முலா 3 போட்டியில் பியர்கார்லோ கின்சானிக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார். 1980 இல் மார்ச் காரை ஓட்டி ஐரோப்பிய பார்முலா 3 சாம்பியன் ஆனார். பின்னாளில் பார்முலா 1 இல் வெற்றி பெற்ற பெல்ஜிய ஓட்டுநர் தியெரி பூட்சன் அவ்வாண்டு இரண்டாம் இடம் பெற்றார்.

அல்போரெட்டோவின் தலைக்கவசம் நீலமும் மஞ்சளும் கலந்தது. அவர் பெரிதும் மதித்த சுவீடன் நாட்டு ஓட்டுநர் ரோனி பீட்டர்சனின் நினைவாக அந்நிறங்களைத் தேர்ந்தெடுத்தார். பீட்டர்சன் 1978 ஆம் ஆண்டு மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீயில் விபத்துக்குள்ளாகி மறுநாள் இறந்தவர்.

லான்சியா அணியில் (1980–1983)

அல்போரெட்டோவின் ஸ்போர்ட்ஸ் கார் வாழ்க்கை, பார்முலா 1 ஐ விட்டு விலகிய பின் தொடங்கியது என்று கருதுவோர் உண்டு. இது சரியன்று. பார்முலா 1 இல் நுழைவதற்கு முன்பே, 1980 இல், லான்சியா நிறுவனத்தின் பந்தய அணியில் அவர் இடம் பெற்றிருந்தார். அக்காலத்தில் ஓட்டுநர்கள் ஒரே ஆண்டில் இரு வகைப் பந்தயங்களிலும் ஓட்டுவது வழக்கமாக இருந்தது.

இவ்விரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு அவரது வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உதவும். பார்முலா 1 பந்தயம் அதிகபட்சம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடக்கம் முதல் இறுதி வரை ஒருவரே ஓட்டுவார். நெடுநேரப் பந்தயமோ ஆறு, பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு மணி நேரம் நீடிக்கும். இரண்டு அல்லது மூன்று பேர் ஒரே காரை மாறி மாறி ஓட்டுவர். அங்கு வேகத்தைப் போலவே எஞ்சினையும் கியரையும் டயரையும் காத்து ஓட்டும் திறனும் தேவை.

1981 ஆம் ஆண்டு அல்போரெட்டோ, ரிக்கார்டோ பத்ரேசேயுடன் இணைந்து லான்சியா பீட்டா மான்டிகார்லோ காரில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் 6 மணி நேரப் பந்தயத்தை வென்றார். அதே ஆண்டு லே மான் பந்தயத்தில் எட்டாம் இடம் பெற்றதோடு தம் வகுப்பில் முதலிடமும் பெற்றார்.

1982 இல் லான்சியா, எல்சி1 என்னும் புதிய காரைக் களமிறக்கியது. அவ்வாண்டு குரூப் சி எனும் புதிய விதிமுறை நடைமுறைக்கு வந்தது. குரூப் சி கார்களுக்கு எரிபொருள் அளவில் கட்டுப்பாடு உண்டு. லான்சியாவோ பழைய குரூப் 6 விதியின்படி காரை அமைத்தது. இதனால் நிறுவனங்களுக்கான பட்டத்தில் புள்ளி கிடைக்காது. ஆனால் எரிபொருள் கட்டுப்பாடின்றி ஓட்டி, ஓட்டுநர்களுக்கான பட்டத்தில் புள்ளிகளைக் குவிக்கலாம். இந்தக் காரில் அல்போரெட்டோ அவ்வாண்டு மூன்று வெற்றிகளைப் பெற்றார்:

- சில்வர்ஸ்டோன் 6 மணி நேரப் பந்தயம் – பத்ரேசேயுடன்
- நூர்பர்க்ரிங் 1000 கி.மீ. பந்தயம் – பத்ரேசே, தியோ ஃபாபி ஆகியோருடன்
- முஜெல்லோ 1000 கி.மீ. பந்தயம் – கின்சானியுடன்

1983 இல் லான்சியா எல்சி2 காரை ஓட்டினார். அக்காரில் ஃபெராரி தயாரித்த டர்போ எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. அது வேகமானது, ஆனால் அடிக்கடி பழுதாகக் கூடியது. அவ்வாண்டு லே மான் பந்தயத்தில் அவரது கார் இறுதி வரை ஓடவில்லை.

டைரெல் அணியில் (1981–1983)

1981 ஆம் ஆண்டு இமோலாவில் நடந்த சான் மரினோ கிராண்ட் பிரீயில், பிரித்தானியாவின் டைரெல் அணி மூலம் அல்போரெட்டோ பார்முலா 1 இல் அறிமுகமானார். முன்பு மரவணிகம் செய்து வந்த கென் டைரெல், இளம் ஓட்டுநர்களைக் கண்டெடுப்பதில் பெயர் பெற்றவர். ஜாக்கி ஸ்டீவர்ட் தம் மூன்று உலக சாம்பியன் பட்டங்களையும் அவருடைய மேற்பார்வையிலேயே வென்றார். ஆனால் 1980களின் தொடக்கத்தில் அந்த அணி பணப் பற்றாக்குறையால் தளர்ந்திருந்தது. முதல் ஆண்டில் அல்போரெட்டோவுக்குப் புள்ளிகள் எதுவும் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் மினார்டி அணிக்காக பார்முலா 2 இலும் ஓட்டி, மிசானோ பந்தயத்தை வென்றார்.

1982 ஏப்ரலில் சான் மரினோ பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்று முதன்முறையாக மேடையேறினார். பல பிரித்தானிய அணிகள் புறக்கணித்த அப்பந்தயத்தில் 14 கார்கள் மட்டுமே ஓடின. செப்டம்பர் 25, 1982 இல், லாஸ் வேகாசில் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் அமைக்கப்பட்ட தடத்தில் நடந்த பந்தயத்தில் தம் முதல் வெற்றியைப் பெற்றார். 1978 மொனாக்கோ பந்தயத்திற்குப் பின் டைரெல் அணி பெற்ற முதல் வெற்றி இதுவாகும். 25 புள்ளிகளுடன் அவ்வாண்டில் எட்டாம் இடம் பெற்றார்.

இரண்டாம் வெற்றி ஜூன் 5, 1983 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத் தெருக்களில் கிடைத்தது. முன்னணியில் இருந்த நெல்சன் பிக்கேயின் கார் டயர் மெல்லக் காற்றிழந்ததால் பின்தங்க, அல்போரெட்டோ முந்திச் சென்று வென்றார். இவ்வெற்றி இரண்டு காரணங்களால் வரலாற்றில் இடம் பெறுகிறது:

- டைரெல் அணியின் 23 வெற்றிகளில் இதுவே கடைசி.
- 1967 இல் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காரில் முதல் வெற்றி பெற்ற ஃபோர்டு காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின் குடும்பத்தின் 155 ஆவதும் இறுதியுமான வெற்றி இது.

டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியை இயக்கி, கூடுதல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் அமைப்பு. இதனால் சிறிய எஞ்சினிலிருந்தும் பேராற்றல் பெற முடிந்தது. 1983 இல் முன்னணி அணிகள் டர்போவுக்கு மாறியிருந்தன. டர்போ இல்லாத காரில், நேர்த்தடங்கள் குறைந்த தெருவில், ஓட்டும் திறனால் ஈட்டிய வெற்றி என்பதால் டெட்ராய்ட் பந்தயம் அல்போரெட்டோவை முன்னணி அணிகளின் கவனத்திற்குக் கொண்டு வந்தது.

ஃபெராரி அணியில் (1984–1988)

இத்தாலியரும் ஃபெராரியும்

1984 ஆம் ஆண்டு என்சோ ஃபெராரி அல்போரெட்டோவைத் தம் அணியில் சேர்த்துக் கொண்டார். 1973 இல் விலகிய ஆர்த்துரோ மெர்சாரியோவுக்குப் பின் பார்முலா 1 ஃபெராரி அணியில் நிலையான இடம் பெற்ற முதல் இத்தாலியர் இவரே.

இத்தாலிய அணி இத்தாலியரைத் தவிர்த்து வந்ததற்குப் பின்னணி உண்டு. ஃபெராரி கார்களில் அல்பெர்ட்டோ அஸ்காரி 1955 இலும், யூஜெனியோ காஸ்தெல்லோட்டி 1957 இலும், லூயிஜி முஸ்சோ 1958 இலும், லொரென்சோ பாந்தினி 1967 இலும், இக்னாசியோ ஜியுந்தி 1971 இலும் உயிரிழந்தனர். ஒவ்வொரு இறப்பின் போதும் இத்தாலியப் பத்திரிகைகள் என்சோ ஃபெராரியைக் கடுமையாகச் சாடின. அதனால் சொந்த நாட்டவரைத் தம் காரில் ஏற்ற அவர் நெடுங்காலம் தயங்கினார். அத்தயக்கத்தைக் கைவிடச் செய்தவர் அல்போரெட்டோ.

ஃபெராரியில் அவருக்கு 27 ஆம் எண் கார் கொடுக்கப்பட்டது. 1982 இல் இறந்த ஜில் வில்நோவ் ஓட்டிய எண் அது. தம் மூன்றாவது ஃபெராரி பந்தயத்திலேயே, ஏப்ரல் 29, 1984 இல் சோல்டரில் நடந்த பெல்ஜிய கிராண்ட் பிரீயை முதல் இடத்தில் தொடங்கி வென்றார். 1966 இல் மோன்சாவில் லுதோவிக்கோ ஸ்கார்ஃபியோட்டி வென்ற பின், ஃபெராரி காரில் இத்தாலியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி இது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் மோன்சாவிலும், நூர்பர்க்ரிங்கில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீயிலும் இரண்டாம் இடம் பெற்றார். நூர்பர்க்ரிங்கில் எல்லைக் கோட்டை நெருங்கும்போது அவரது காரிலும், பின்னால் வந்த பிக்கேயின் காரிலும் எரிபொருள் தீர்ந்து போனது. மொத்தம் 30.5 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். மழையால் இடையில் நிறுத்தப்பட்ட மொனாக்கோ பந்தயத்திற்குப் பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டதால் இந்த அரைப் புள்ளி வந்தது.

1985 ஆம் ஆண்டுப் போட்டி

அல்போரெட்டோவின் வாழ்க்கையில் உலக சாம்பியன் பட்டம் கைக்கு எட்டிய ஒரே ஆண்டு 1985. ஃபெராரி 156/85 கார், வி6 டர்போ எஞ்சினைக் கொண்டது. பிரேசிலில் முதல் இடத்தில் தொடங்கி இரண்டாவதாக முடித்தார். மழையில் நடந்த போர்ச்சுகல் பந்தயத்தில், தம் முதல் வெற்றியைப் பெற்ற அயர்டன் சென்னாவுக்கு அடுத்து வந்தார். மொனாக்கோவில் முன்னணியில் இருந்தபோது, விபத்து ஒன்றினால் தடத்தில் சிந்திய எண்ணெயில் சறுக்கிப் புரோஸ்டிடம் இடத்தை இழந்தார். மீண்டும் அவரை முந்திய பின் டயர் பழுதானது. குழிக்குச் சென்று டயர் மாற்றித் திரும்பி, இரண்டாம் இடம் வரை முன்னேறினார்.

ஜூன் 16 இல் கனடாவில் வென்றார். பருவத்தின் இரண்டாம் பந்தயத்தில் அணியில் சேர்ந்த சுவீடன் வீரர் ஸ்டெஃபான் ஜோஹான்சன் இரண்டாவதாக வந்தார். ஆகஸ்ட் 4 இல் புதிய நூர்பர்க்ரிங் தடத்தில் ஜெர்மானிய கிராண்ட் பிரீயை வென்று 46 புள்ளிகளுடன் முன்னிலை வகித்தார். புரோஸ்டிடம் அப்போது 41 புள்ளிகள் இருந்தன.

அக்காலப் புள்ளி முறையில் முதல் ஆறு இடங்களுக்கு முறையே 9, 6, 4, 3, 2, 1 புள்ளிகள் வழங்கப்பட்டன. 16 பந்தயங்களில் சிறந்த 11 முடிவுகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. இருவரின் நிலையும் பின்வருமாறு:

| பந்தயம் | அல்போரெட்டோ (மொத்தப் புள்ளி) | புரோஸ்ட் (மொத்தப் புள்ளி) |
|---|---|---|
| பிரேசில் | 2 ஆம் இடம் (6) | 1 ஆம் இடம் (9) |
| போர்ச்சுகல் | 2 ஆம் இடம் (12) | விலகல் (9) |
| சான் மரினோ | விலகல் (12) | தகுதி நீக்கம் (9) |
| மொனாக்கோ | 2 ஆம் இடம் (18) | 1 ஆம் இடம் (18) |
| கனடா | 1 ஆம் இடம் (27) | 3 ஆம் இடம் (22) |
| டெட்ராய்ட் | 3 ஆம் இடம் (31) | விலகல் (22) |
| பிரான்ஸ் | விலகல் (31) | 3 ஆம் இடம் (26) |
| பிரித்தானியா | 2 ஆம் இடம் (37) | 1 ஆம் இடம் (35) |
| ஜெர்மனி | 1 ஆம் இடம் (46) | 2 ஆம் இடம் (41) |
| ஆஸ்திரியா | 3 ஆம் இடம் (50) | 1 ஆம் இடம் (50) |
| நெதர்லாந்து | 4 ஆம் இடம் (53) | 2 ஆம் இடம் (56) |
| இத்தாலி | எஞ்சின் பழுது (53) | 1 ஆம் இடம் (65) |
| பெல்ஜியம் | கிளட்ச் பழுது (53) | 3 ஆம் இடம் (69) |
| ஐரோப்பா | டர்போ பழுது (53) | 4 ஆம் இடம் (72) |
| தென்னாப்பிரிக்கா | டர்போ பழுது (53) | 3 ஆம் இடம் (76) |
| ஆஸ்திரேலியா | விலகல் (53) | விலகல் (76) |

கடைசி ஐந்து பந்தயங்களில் அல்போரெட்டோவுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. முதல் பதினொரு பந்தயங்களில் இருமுறை மட்டுமே விலகிய கார், அதன் பின் ஒருமுறை கூடப் புள்ளி பெறும் நிலையில் பந்தயத்தை முடிக்கவில்லை. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்சில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீயில் டர்போ பழுதாகிக் காரின் பின்புறம் தீப்பற்றியது. அவர் காரைத் தடத்தின் ஓரத்தில் நிறுத்தாமல், எரியும் காரை அணியின் குழி வரை ஓட்டி வந்து நிறுத்தினார். அதே பந்தயத்தில் நான்காம் இடம் பெற்ற புரோஸ்ட் பட்டத்தை உறுதி செய்தார். இறுதியில் புரோஸ்டுக்கு 73 புள்ளிகள் கணக்கிடப்பட்டன. அல்போரெட்டோ 53 உடன் இரண்டாம் இடம் பெற்றார்.

இம்முடிவை ஓட்டுநரின் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. புரோஸ்டின் மெக்லாரன் கார் முடித்த பந்தயங்களின் எண்ணிக்கையே பட்டத்தைத் தீர்மானித்தது. டர்போ காலத்தில் எஞ்சின்கள் அவற்றின் தாங்கு திறனின் விளிம்பில் இயங்கின. ஆற்றலை உயர்த்தும் ஒவ்வொரு முயற்சியும் பழுதாகும் வாய்ப்பையும் கூடவே உயர்த்தியது. சாம்பியன் பட்டம் வேகத்திற்கு மட்டுமன்றி நம்பகத்தன்மைக்கும் கிடைக்கும் பரிசு என்பதற்கு 1985 நல்ல எடுத்துக்காட்டு.

1986 முதல் 1988 வரை

1985 க்குப் பின் அல்போரெட்டோ பார்முலா 1 இல் எந்தப் பந்தயத்தையும் வெல்லவில்லை. 1986 இல் ஆஸ்திரியாவில் பெற்ற இரண்டாம் இடமே அவ்வாண்டின் சிறந்த முடிவு. 1987 இல் ஆஸ்திரிய இளைஞர் கெர்ஹார்ட் பெர்கர் அணிக்கு வந்து, ஆண்டின் கடைசி இரு பந்தயங்களையும் வென்றார். அணியின் முதன்மை ஓட்டுநர் என்ற நிலை மெல்ல அல்போரெட்டோவிடமிருந்து விலகியது.

1988 ஆகஸ்ட் 14 இல் என்சோ ஃபெராரி காலமானார். நான்கு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 11 இல் மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீயில் பெர்கர் முதலிடமும், அரை நொடி வேறுபாட்டில் அல்போரெட்டோ இரண்டாம் இடமும் பெற்றனர். அவ்வாண்டின் 16 பந்தயங்களில் மெக்லாரன் அணி வெல்லாத ஒரே பந்தயம் இதுவே. 24 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்ற அல்போரெட்டோவுக்கு அடுத்த ஆண்டு ஃபெராரியில் இடம் இல்லை. அவருடைய இடத்திற்கு நைஜல் மான்செல் வந்தார். ஃபெராரிக்காக 80 பந்தயங்களில் ஓட்டி மூன்று வெற்றிகளை அவர் பெற்றிருந்தார்.

பார்முலா 1 இல் பிற்காலம் (1989–1994)

1989 இல் டைரெல் அணிக்குத் திரும்பிய அல்போரெட்டோ, மெக்சிகோவில் மூன்றாம் இடம் பெற்றார். இதுவே அவரது கடைசி மேடை நிலை. அணியின் புதிய விளம்பரதாரருக்கும் அவரது சொந்த விளம்பரதாரருக்கும் இடையே முரண்பாடு எழுந்ததால் அணியை விட்டு விலகினார். அவரது இடத்தில் அறிமுகமான ஜான் அலேசி முதல் பந்தயத்திலேயே நான்காவதாக வந்தார். அல்போரெட்டோ அவ்வாண்டின் எஞ்சிய பகுதியில் லரூஸ் அணிக்காக ஓட்டினார்.

1990 முதல் 1992 வரை ஆரோஸ் அணியில் இருந்தார். அந்த அணி 1991 இல் ஃபுட்வொர்க் எனப் பெயர் மாற்றப்பட்டது. 1991 இல் அணி நம்பியிருந்த போர்ஷே வி12 எஞ்சின் மிகுந்த எடையும் குறைந்த ஆற்றலும் கொண்டதாக அமைந்து, ஆண்டின் நடுவிலேயே கைவிடப்பட்டது. 1992 இல் முகென் ஹோண்டா எஞ்சினுடன் நிலைமை சீரடைந்தது. அல்போரெட்டோ நான்கு முறை புள்ளி பெற்றார். 1993 இல் ஸ்குதெரியா இத்தாலியா அணியின் லோலா கார் பல பந்தயங்களில் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. ஆண்டு முடியும் முன்பே அந்த அணி விலகியது.

1994 இல், 1981 இல் பார்முலா 2 வெற்றி தேடித் தந்த மினார்டி அணிக்கே வந்து சேர்ந்தார். மொனாக்கோவில் ஆறாவதாக வந்து பெற்ற ஒரு புள்ளியே பார்முலா 1 இல் அவரது கடைசிப் புள்ளி. ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயுடன் பார்முலா 1 ஐ விட்டு விலகினார்.

லே மான் வெற்றி

1995 இல் ஆல்ஃபா ரோமியோ 155 காரில் ஜெர்மானிய டூரிங் கார் போட்டியிலும், 1996 இல் அமெரிக்காவின் புகழ் பெற்ற இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்திலும் ஓட்டினார். எனினும் இக்காலத்தில் அவருக்கு நிறைவைத் தந்தவை நெடுநேரப் பந்தயங்களே.

1997 ஜூன் மாதம் நடந்த லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், ஜெர்மனியின் யோஸ்ட் அணிக்காக போர்ஷே டபிள்யூஎஸ்சி-95 காரை ஓட்டினார். சக ஓட்டுநர்களில் ஒருவர், 1985 இல் ஃபெராரியில் அவருடன் இருந்த ஸ்டெஃபான் ஜோஹான்சன். மற்றவர், லே மானில் முதன்முறையாக ஓட்டிய டென்மார்க் நாட்டு இளைஞர் டாம் கிறிஸ்டென்சன்.

அக்காரின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. அதன் உடற்சட்டம் ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-14 காரிலிருந்து பெறப்பட்டது. எஞ்சின் போர்ஷேயின் ஆறு உருளை டர்போ எஞ்சின். போர்ஷே நிறுவனமே அக்காரைப் பந்தயத்தில் ஈடுபடுத்தவில்லை. யோஸ்ட் என்னும் தனியார் அணி அதை ஏற்று, 1996 இல் லே மானை வென்றது. 1997 இல் ஓடியதும் அதே கார்.

போர்ஷே நிறுவனம் தன் சொந்த அணியில் 911 ஜிடி1 கார்கள் இரண்டைக் களமிறக்கியிருந்தது. ஒன்று ஞாயிறு காலை விபத்தில் விலகியது. மற்றொன்று பந்தயம் முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கையில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது தீப்பற்றி நின்றது. அல்போரெட்டோவின் கார் முன்னிலை பெற்று, 361 சுற்றுகளை முடித்து வென்றது. இரண்டாவதாக வந்த மெக்லாரன் கார் ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டர்போ பழுதால் பட்டத்தை இழந்தவர், எதிரணியின் கார் தீப்பற்றியதால் முன்னிலை பெற்று, தம் 40 ஆம் வயதில் இவ்வெற்றியை அடைந்தார். கிறிஸ்டென்சன் பின்னாளில் ஒன்பது முறை லே மானை வென்று சாதனை படைத்தார். அவ்வரிசையில் முதல் வெற்றி இதுவே.

ஆடி அணியில் (1999–2001)

1999 இல் ஜெர்மனியின் ஆடி நிறுவனம் லே மான் போட்டியில் இறங்கியபோது, அல்போரெட்டோ அதன் ஓட்டுநர்களில் ஒருவரானார். அவ்வாண்டு ஆர்8ஆர் காரில், ரினால்டோ கப்பெல்லோ, லோரான் ஐயெல்லோ ஆகியோருடன் நான்காம் இடம் பெற்றார். 2000 ஆம் ஆண்டு புதிய ஆர்8 காருடன் ஆடி லே மானில் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றியது. அல்போரெட்டோ, கப்பெல்லோ, கிறிஸ்டியன் ஆப்ட் ஆகியோரின் கார் மூன்றாவதாக வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ரோடு அட்லாண்டா தடத்தில் நடந்த பெட்டி லே மான் பந்தயத்தைக் கப்பெல்லோ, ஆலன் மெக்னிஷ் ஆகியோருடன் வென்றார். 2001 மார்ச்சில் கப்பெல்லோ, ஐயெல்லோ ஆகியோருடன் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றார். இதுவே அவரது கடைசி வெற்றி.

மறைவு

ஏப்ரல் 25, 2001 இல், அவ்வாண்டு லே மான் பந்தயத்திற்கான ஆயத்தமாக, ஜெர்மனியின் கிழக்குப் பகுதியிலுள்ள லவுசிட்ஸ்ரிங் தடத்தில் ஆடி ஆர்8 காரைச் சோதித்துக் கொண்டிருந்தார். நேர்த்தடத்தில் பெரும் வேகத்தில் சென்றபோது கார் கட்டுப்பாட்டை இழந்து, தடுப்பைத் தாண்டிக் கவிழ்ந்தது. அல்போரெட்டோ அங்கேயே உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 44. மனைவியும் இரு மகள்களும் இருந்தனர்.

பின்சக்கர டயர் ஒன்று மெல்லக் காற்றிழந்ததே விபத்துக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. மெல்லக் காற்றிழக்கும் டயர், திடீரென வெடிக்கும் டயரை விட ஒரு வகையில் ஆபத்தானது. ஓட்டுநருக்கு எவ்வித எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. அழுத்தம் குறையக் குறைய டயரின் பக்கச் சுவர் மிகுதியாக வளைந்து சூடேறுகிறது. இறுதியில் உயர் வேகத்தில் சிதைகிறது. டயரின் அழுத்தத்தை உணர்கருவி மூலம் அளந்து, குறைந்தவுடன் ஓட்டுநருக்கும் அணியினருக்கும் அறிவிக்கும் அமைப்பு இன்றைய நெடுநேரப் பந்தயக் கார்களில் இயல்பான ஒன்றாகும்.

ஆடி அணி அவ்வாண்டு லே மானில் கலந்துகொண்டு வென்றது. 1997 இல் அல்போரெட்டோவுடன் வென்ற கிறிஸ்டென்சன், 2001 இல் வென்ற மூவரில் ஒருவர்.

நினைவும் மதிப்பீடும்

மோன்சா தடத்தில் பந்தயச் சுற்றின் கடைசி வளைவு நெடுங்காலமாகப் பராபோலிக்கா என்று அழைக்கப்பட்டு வந்தது. 2021 ஆம் ஆண்டு, அவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆனதையொட்டி, அவ்வளைவுக்கு அல்போரெட்டோ வளைவு எனப் பெயர் சூட்டப்பட்டது. மோன்சாவில் அவர் பார்முலா 1 பந்தயம் எதையும் வென்றதில்லை; 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் ஃபெராரி காரில் இரண்டாவதாக வந்ததே அங்கு அவரது சிறந்த முடிவு.

உலக சாம்பியன் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இருப்பினும், பார்முலா 1 கிராண்ட் பிரீ, லே மான், செப்ரிங் ஆகிய மூன்றையும் வென்ற ஓட்டுநர்கள் மிகச் சிலரே. ஃபெராரியை விட்ட பின் ஆறு ஆண்டுகள் பெரும்பாலும் பின்வரிசைக் கார்களில் ஓட்டிய ஒருவர், நாற்பது வயதுக்குப் பின் மீண்டும் வெற்றி பெறத் தொடங்கியது அவரது வாழ்க்கையின் தனிச்சிறப்பாகும்.

பார்முலா 1 புள்ளிவிவரம்

| விவரம் | எண்ணிக்கை |
|---|---|
| பங்கேற்ற பந்தயங்கள் | 194 |
| வெற்றிகள் | 5 |
| முதல் மூன்று இடங்கள் | 23 |
| முதல் இடத்தில் தொடங்கியவை | 2 |
| மொத்தப் புள்ளிகள் | 186.5 |

வெற்றி பெற்ற கிராண்ட் பிரீகள்

- 1982 – சீசர்ஸ் பேலஸ், லாஸ் வேகாஸ் (டைரெல்)
- 1983 – டெட்ராய்ட் (டைரெல்)
- 1984 – பெல்ஜியம், சோல்டர் (ஃபெராரி)
- 1985 – கனடா, மொன்றியல் (ஃபெராரி)
- 1985 – ஜெர்மனி, நூர்பர்க்ரிங் (ஃபெராரி)